ஆலை வாசலில் ஒரு விலைப்பலகை

ஆசிரியருக்கு வணக்கம்.

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை வாசல்களில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். பெங்களூரா மாங்காயோடு, விலை தெரியாமலே நானும் ராத்திரி முழுக்கக் காத்திருந்திருக்கிறேன். விடிவதற்குள் அடியில் இருக்கும் காய் நசுங்கிச் சாறு ஒழுகத் தொடங்கிவிடும். அப்புறம் பேரம் பேச என்ன இருக்கிறது?

பொறுப்பான தொழில் நடத்தைக்கென்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2019-ல் 9 கோட்பாடுகளை வெளியிட்டது. கட்டாயம் இல்லை; கம்பெனிகள் தாமாகவே விரும்பி ஏற்க வேண்டியவை அவை. தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல் எல்லாம் அதில் உண்டு. பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கிப் பள்ளிக்கு பெஞ்சு வாங்கித் தருவது நல்லதுதான். ஆனால் அன்றைய விலையை வாசலில் எழுதி வைப்பதும், கழிவுநீரைச் சுத்திகரித்தே வெளியே விடுவதும் அதைவிட முக்கியம். யாரும் சொல்லாமலே நம் ஆலைகள் இதை வரும் சீசனிலேயே தொடங்கட்டும்.

- ஒரு மா விவசாயி,
காவேரிப்பட்டணம்.