ஒண்ணாந்தேதி பணம் வந்தது

அன்புள்ள சுடலைக்கு,

அம்மா எழுதுகிறேன். ஒண்ணாந்தேதி பணம் வந்தது. காலை ஆறரை மணிக்கே பேங்க் மெசேஜ் வந்துவிட்டது, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். போன மாசமும் ஆறரைதான், அதற்கு முந்தின மாசமும் ஆறரைதான். பணம் ஒருநாள்கூடப் பிந்தவில்லை எய்யா. பொங்கலுக்கு வருவாய் என்று பனங்கிழங்கு ஒரு கட்டு வாங்கி அவித்து வைத்திருந்தேன். லீவு இல்லை என்று அக்காவுக்கு மெசேஜ் போட்டாயாம். எனக்குப் போட்டிருக்கலாம். சரி, உன் வேலை அப்படி.

ஓசூரில் இன்னும் குளிர்கிறதா? நேரத்துக்குச் சாப்பிடு. நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வராதே, கண் சொக்கும், கம்பெனி பஸ்ஸிலேயே வா. இங்கே பிசான அறுப்பு ஆரம்பித்துவிட்டது, ரோடெல்லாம் வைக்கோல். கன்னடியன் கால்வாயில் இந்த வருஷம் தண்ணீர் நின்று ஓடியது. அக்காவுக்கு அம்பாசமுத்திரத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. சின்னவளுக்குப் பிரசவத்துக்கு ஆனி மாசம் நாள் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நீ எடுத்தால்தானே.

உன்னை நாங்கள் வளர்த்ததைப் படமாக எடுக்க வள்ளியூர் மாமா பேரன் ஒரு கதை எழுதினானே, அதைக் குடும்ப குரூப்பில் போட்டது ஐப்பசி கடைசியில். எல்லாரும் கை கூப்பினார்கள், பூ போட்டார்கள், சித்தப்பா அழுததாகவே எழுதியிருந்தார். நீ "வாசித்தேன் அம்மா" என்று இரண்டு வார்த்தை போட்டாய். அதற்கப்புறம் உன் சத்தத்தை நான் கேட்கவில்லை. வேலை, லீவு, சிக்னல் என்று நானும் ஏதேதோ காரணம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

அரையாண்டு லீவில் அக்கா மகள் இங்கே இருந்தபோது ஒரு அமெரிக்கப் படம் போட்டுக் காட்டினாள். 'தி பிளைண்ட் சைட்', 2009-இல் வந்தது. மெம்பிஸ் ஊரில் வீடு வாசல் இல்லாமல் திரியும் ஒரு கறுப்பினப் பையன், அவனைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் ஒரு பணக்கார வெள்ளைக்கார அம்மா. உண்மைக் கதை. பையன் பெயர் மைக்கேல் ஓஹர், பெரிய கால்பந்து ஆட்டக்காரர் ஆனவர், அவர்கள் ஊர்க் கால்பந்து, கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அந்த அம்மாவாக நடித்த சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. முதல் தடவை பார்த்தபோது தேம்பித் தேம்பி அழுதேன், என்னையே திரையில் பார்த்த மாதிரி இருந்தது. "வள்ளியூர்க்காரன் எழுதினதும் இதே கதைதான்ட்டி" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் போனில் எதையோ தேடி எடுத்து வாசித்துக் காட்டினாள்.

அந்த ஓஹர் 2023 ஆகஸ்டில் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். என்னைத் தத்தெடுத்ததாக ஊர் உலகமெல்லாம் சொன்னார்கள், உண்மையில் தத்து எடுக்கவே இல்லை, 18 வயதில் என்னிடம் கையெழுத்து வாங்கியது பாதுகாவலர் பத்திரம், என் பெயரில் ஒப்பந்தம் போடுகிற உரிமையை அவர்கள் கையில் கொடுக்கிற பத்திரம் என்று மனுவில் சொன்னார். அவரை வைத்துப் பணம் பண்ணவில்லை என்று அந்தக் குடும்பம் மறுத்தது. அடுத்த மாசமே நீதிபதி அந்தப் பாதுகாவலர் ஏற்பாட்டை முடித்துவைத்துவிட்டார். படம் 30 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்ததாம். பணத்தில் யார் சொல்வது சரி என்பது கோர்ட் பார்க்க வேண்டியது. எனக்கு உறுத்தியது வேறு. கோர்ட்டுக்கு ரொம்ப முன்னாலேயே, 2011-இல், அவர் தன் புத்தகத்தில் அந்தப் படம் தன்னை மந்தமானவனாகக் காட்டிவிட்டதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். படத்தில் வீட்டுச் சின்னப் பையன் சாப்பாட்டு மேஜையில் சாஸ் பாட்டில்களை அடுக்கி வைத்து அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறான். அந்த அம்மா மைதானத்துக்குள்ளேயே நடந்து வந்து எப்படி நிற்க வேண்டும் என்று பாடம் எடுக்கிறார். அவருக்கோ சின்ன வயதிலிருந்தே ஆட்டம் தெரியும், பார்த்துப் பார்த்துத் தானே படித்தது.

அன்றைக்கு ராத்திரி வள்ளியூர்க்காரன் எழுதியதை எடுத்து மறுபடி வாசித்தேன். அப்பா சைக்கிளில் வருகிறார், தெருவிளக்கின் கீழே ஒரு சிறுவன் குப்பையில் கிடந்த பேப்பரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான், அப்பா அவன் தலையைத் தடவி, "படிக்கிறியாலே?" என்று கேட்கிறார். அப்பாவுக்குப் பெயர் இருக்கிறது, எனக்குப் பெயர் இருக்கிறது, உனக்கு முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை 'சிறுவன்' என்றுதான் போட்டிருக்கிறது.

தெருவிளக்கு எங்கே இருந்தது எய்யா? 1996-இல் என் நூலகத்துக்கு நீயாகத்தான் வந்தாய். பள்ளிக்கூடம் விட்டு நேராக வருவாய், வாசலில் செருப்பில்லாத காலைத் துடைத்துவிட்டு உள்ளே வருவாய். உறுப்பினராக ஒருத்தர் ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றேன், நாலு நாள் அலைந்து உங்கள் வாத்தியாரிடம் வாங்கிக்கொண்டு வந்தாய். உனக்கு அப்போது 11 வயது. யாரும் உன்னைக் கண்டெடுக்கவில்லை. நான் செய்ததெல்லாம் கார்டில் சீல் குத்தியதுதான். வீட்டில் தங்கிப் படிக்கிறாயா என்று அப்பா கேட்டது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து, அதற்குள் நீ ஒரு அலமாரியையே முடித்திருந்தாய்.

பேத்தி இன்னும் இரண்டு மூன்று சொன்னாள். நாசாவில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களைப் பற்றி 'ஹிடன் ஃபிகர்ஸ்' என்று 2016-இல் ஒரு படம். அதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாக வைத்திருந்த கழிப்பறைப் பலகையை அடித்து உடைக்கிறார். அந்த அதிகாரியே கற்பனை. நிஜத்தில் கேத்தரின் ஜான்சன் யாரையும் கேட்காமல் வெள்ளைக்காரப் பெண்களின் கழிப்பறைக்கே போய்வந்திருக்கிறார். எவ்வளவு தைரியம் வேண்டும் அதற்கு! அந்தத் தைரியத்தைப் பிடுங்கி யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டார்கள். 'கிரீன் புக்' என்ற படத்தில் டான் ஷெர்லி என்கிற பெரிய கறுப்பினப் பியானோ மேதைக்கு அவருடைய வெள்ளைக்கார டிரைவர் பொரித்த கோழி தின்னச் சொல்லிக்கொடுக்கிறார். கதை எழுதியவர்களில் ஒருவர் அந்த டிரைவரின் மகன். ஷெர்லியின் குடும்பத்தாரோ எங்களை யாரும் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டார்கள். அதற்கும் ஆஸ்கர், சிறந்த படம் என்று. நம்மிலும்தான் இருக்கிறது. 'ஜெய் பீம்' நல்ல படம், நானும் கலங்கிப் போய்ப் பார்த்தவள்தான், ஆனால் 1993-இல் நிஜமாகவே அந்தக் கொடுமைக்கு ஆளானது குறவர் குடும்பம், படத்தில் இருளர் என்று ஆக்கிவிட்டார்கள். அந்தக் குடும்பம் அதைப் பார்த்தபோது என்ன நினைத்திருக்கும்?

டோனாவூர் ஞாபகம் வந்தது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி நம் நூலகத்தில் புத்தகம் இருந்தது, நீயும் எடுத்துப் போயிருக்கிறாய். கடல் கடந்து வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த மண்ணிலேயே இருந்து அத்தனை பிள்ளைகளை வளர்த்தவர், 1951-இல் இங்கேயே கண்ணை மூடியவர். அவர் மேல் எனக்கு மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தன் கதையைத் தானே எழுதிய புத்தகம் ஒன்று, இத்தனை வருஷ வேலையில் என் கை வழியாகப் போனதில்லை. அப்போது அதைத் தேடவும் எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் நம் பக்கத்துப் பிள்ளை மாரி செல்வராஜ் 2024-இல் 'வாழை' எடுத்தபோது அவ்வளவு பேர் கலங்கினார்கள் என்று நினைக்கிறேன். வாழைத்தார் சுமந்த பிள்ளையே வளர்ந்து வந்து கதை சொல்கிறது. பாரம் தோளில் எந்த இடத்தில் அழுத்தும் என்று அவருக்குத்தான் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஹோட்டல் பரோட்டாவாகத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன்னைப் பெற்ற அம்மாவை அவன் இரண்டாவது பக்கத்திலேயே கொன்றுவிட்டான். நீ அந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பாய், எனக்குத் தெரியும். அவள் 2011 வரை இருந்தாள். அவள் என்றே எழுதிப் பழகிவிட்டது, அவர் என்று எழுதியிருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் நம் வீட்டுப் புறவாசலுக்கு வருவார், நடவுக்குப் போன நாளில் சேறு காயாத காலோடு வருவார், மடியில் நாவல்பழமோ முருங்கைக்கீரையோ இருக்கும், வெறுங்கையோடு வந்ததே இல்லை. "அம்மா இருந்தா அனுதாபம் குறையும் அத்தை, இறந்துட்டதா வச்சுக்கலாமா?" என்று அந்தப் பையன் என்னிடம் கேட்டான். நான் சும்மா இருந்துவிட்டேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவனாகச் செய்யவில்லை, என்னைக் கேட்டுத்தான் செய்தான்.

அப்புறம் அந்தத் தட்டு. முதல் நாளே என் தட்டில் உளுந்தம்பருப்புச் சோறு பிசைந்து உனக்கு ஊட்டினேன் என்று கதையில் இருக்கிறது. நான்தான் அப்படிச் சொன்னேன். ஒரு வருஷம் நீ புறவாசலில் அலுமினியத் தட்டில் சாப்பிட்டாய். பெரியாச்சி இருந்தார்கள், அவர்களுக்குப் பயந்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் போன பிறகும் மூன்று மாசம் அதே தட்டில்தான் போட்டேன், அப்போது யாருக்குப் பயந்தேன்? அமெரிக்காவில் தோலின் நிறத்தைப் பார்த்தார்கள். நம் ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள், அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் தெரிந்துகொள்வார்கள். நானும் நூலகக் கார்டில் உன் முகவரியை எழுதும்போது அதைப் பார்த்தவள்தான்.

பேத்தி அன்றைக்கே இன்னொன்றும் கேட்டாள். அவளுடைய காதுகுத்து ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "ஆச்சி, சுடலை மாமா ஏன் எல்லாப் போட்டோவிலும் ஓரமா நிக்காங்க?" என்றாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

2009 பங்குனி உத்திரம், சாஸ்தா கோயிலில் வைத்து. நமக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், தாய்மாமன் என்று மடியில் வைக்க நீ ஒருத்தன்தான். முதல் வருஷச் சம்பளத்தில் திருநெல்வேலி டவுனில் போய் அந்தச் சின்னக் கம்மலை வாங்கிக்கொண்டு வந்தாய், சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினாய், உன் முகம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று அப்பாவும் நானும் முந்தின ராத்திரி முழுக்கப் பேசினோம். அப்பா அரை மனசாக இருந்தார், நான்தான் வேண்டாம் என்றேன். அப்பா மேல் போட்டுவிடலாம், அவர் இப்போது இல்லை, ஆனால் சொன்னது நான். காலையில் வள்ளியூர் மாமா மகனை மணையில் உட்காரவைத்தோம். அந்தக் கம்மலை உன் கையிலிருந்து நான்தான் வாங்கி அவன் கையில் கொடுத்தேன். நீ பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிள்ளை அழுதபோது உன்னைப் பார்த்துத்தான் கையை நீட்டியது.

என் மகன் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறவள் நான். போஸ்ட் ஆபீஸில் சொல்வேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்வேன். அந்த ஓஹர் தத்தெடுத்ததாகச் சொன்னார்களே என்று கேட்டதை வாசித்தபோது எனக்கு அந்த மணைதான் கண்ணில் தெரிந்தது. நீ அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதியம் பந்தியில் எல்லாருக்கும் நீதான் பரிமாறினாய். ஒன்றும் நினைக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். இந்த மாசாமாசம் பணம் வரும்போது சில நாள் எனக்குத் திக்கென்று இருக்கும், பிள்ளை அம்மாவுக்கு அனுப்புகிறதா, இல்லை பட்ட கடனை அடைக்கிறதா என்று. கடன் ஒன்றும் கிடையாது எய்யா. இருந்தால் அது என் பக்கம்தான்.

வள்ளியூர்க்காரனைப் போன வாரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். தட்டைச் சொன்னேன், காதுகுத்தைச் சொன்னேன், உன்னைப் பெற்ற அம்மா உயிரோடு இருந்ததைச் சொன்னேன். "இதெல்லாம் வச்சா உங்க கேரக்டர் போயிரும் அத்தை" என்றான். அப்படியானால் படம் வேண்டாம் என்றேன். முகம் தொங்கிப் போய்விட்டது, நல்ல பிள்ளைதான், தெரியாமல் செய்தான். சுடலை சம்மதித்து, சுடலை சொல்கிறபடி இருந்தால் எடு, இல்லாவிட்டால் விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். குரூப்பிலும் நானே எழுதுகிறேன், நடந்தது இதுதான் என்று. சித்தப்பா கோபப்படுவார். படட்டும்.

பங்குனி உத்திரத்துக்கு லீவு போடு. முடியாவிட்டால் அக்காவுக்குச் சொல்லி அனுப்பாதே, என்னிடம் சொல். வருகிற ஒண்ணாந்தேதி பணம் அனுப்ப வேண்டாம், அதற்குப் பதில் ஆறரைக்கு ஒரு போன் போடு, நான் முழித்துத்தான் இருப்பேன். சின்னவளிடமும் மாப்பிள்ளையிடமும் பேசிவிட்டேன், அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை, அவள் உன்னிடம் கேட்கத்தான் கூச்சப்படுகிறாள். அடுத்த வருஷம் அதே சாஸ்தா கோயிலில் வைத்துத்தான் அந்தப் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்று இருக்கிறோம். நீ மணையில் உட்காருவாயா எய்யா? உனக்கு மனசில்லை என்றாலும் சொல்லிவிடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
சேரன்மகாதேவி