முதலில் உதைக்காதே என்று ஒரு வரி போடுங்கள்

மோட்டார் சைக்கிள் கம்பெனிகளில் உரிமையாளர் கையேடு எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எந்தக் கையேட்டிலும் அச்சாவதில்லை, அதனால் பொதுவாகவே எழுதுகிறேன். நீங்கள் எழுதிய புத்தகம் ஒன்று எங்கள் அப்பாவின் வண்டியில், பக்கப்பெட்டிக்குள், பதினோரு வருடம் வண்டியோடு சேர்ந்து தூங்கியது. வண்டியை மறுபடி ஓட்டலாம் என்று எனக்கு ஆசை வந்தபோது முதலில் அதைத்தான் எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் 'நீண்ட நாள் நிறுத்தி வைத்தல்' என்று ஒரு தலைப்பு. டேங்கை நிரப்பி வை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தை வடித்துவிடு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் ஆயில் விடு, பேட்டரியைக் கழற்றித் தனியாக வை, டயர் தரையில் படாமல் தூக்கி நிறுத்து. எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் இதையெல்லாம் செய்துவிட்டு நிறுத்துகிறவர் நாலு மாதத்தில் திரும்பி வந்து எடுத்துவிடுவார். பத்து வருடம் நிற்கிற வண்டியை யாரும் திட்டம் போட்டு நிறுத்துவதில்லை.

அது நிற்கிற விதமே வேறு. ஓட்டியவருக்கு முட்டி வலி வந்துவிடும், இல்லை ஆளே போய்விடுவார், இல்லை புதுசாக ஒரு வண்டி வந்து இதைச் சுவரோரம் தள்ளிவிடும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் நிறுத்துவார்கள், அந்த அடுத்த வாரம் வரவே வராது. எங்கள் வண்டியில் பெட்ரோல் குழாயைக்கூட மூடவில்லை.

சில கையேடுகளில் நிறுத்திய வண்டியைத் திரும்ப எடுப்பது பற்றியும் நாலைந்து வரி இருக்கிறது, மறுக்கவில்லை. உறையை எடுத்துத் துடை, நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஆயில் மாற்று, பேட்டரியை சார்ஜ் செய், மெதுவாக ஓட்டிப் பார். முறைப்படி நிறுத்திய வண்டிக்கு அது போதும். நான் கேட்பது மற்ற வண்டிகளுக்கு, அதாவது அப்படியே போட்டுவிட்டுப் போன வண்டிகளுக்கு, ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம்.

அதில் முதல் வரி, முடிந்தால் சிவப்பு எழுத்தில், கிக்கரில் கால் வைக்காதே என்பதாக இருக்கட்டும். ஏனென்றால் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். நானும் செய்தேன். தூசியைக்கூடத் தட்டவில்லை, சீட்டில் ஏறி உட்கார்ந்து ஓங்கி ஒரு உதை. கிக்கர் கல் மாதிரி நின்றது, கணுக்கால்தான் வலித்தது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டபோது, அது அசையாமல் நின்றதே என் அதிர்ஷ்டம் என்று புரிந்தது. இத்தனை வருடத்தில் மேலே இருந்த ஆயில் மொத்தமும் கீழே இறங்கிவிடும், சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் எந்த இடத்தில் நின்றதோ அங்கே துரு பிடித்து ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் வம்பாகச் சுற்ற வைத்தால் ரிங் உடையலாம், துரு சிலிண்டரைக் கீறலாம். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு கரண்டி ஆயிலை விட்டு இரண்டு நாள் சும்மா விட்டேன். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. ஒரு விரற்கடைதான், ஆனால் வீட்டுக்குள் ஓடிப்போய் எல்லோரையும் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை.

எஞ்சின் சுற்றிவிட்டது என்று உடனே ஸ்டார்ட் செய்யவும் கூடாது. பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, பிளக் இல்லாமலேயே நிதானமாகப் பல தடவை சுற்றவிட்டு, ஆயில் மேலே ஏறிய பிறகுதான் மற்றது. கொஞ்ச தூரம் ஓடியதும் அந்த ஆயிலையும் மாற்றிவிட வேண்டும், உள்ளே ஊறிக் கிடந்த அழுக்கெல்லாம் அதில்தான் வந்து சேரும்.

அடுத்தது பெட்ரோல். இதற்குப் பாதிப் பக்கம் ஒதுக்கினாலும் தப்பில்லை. பெட்ரோல் கெட்டுப் போகும் என்பதே பல பேருக்குத் தெரியாது. லேசான பகுதியெல்லாம் ஆவியாகிவிடும், மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். எத்தனால் கலந்ததென்றால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கி இரும்பை அரிக்கும். எங்கள் டேங்க் மூடியைத் திறந்தபோது வந்தது பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவின் நெடி. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே செங்கல் நிறம். வடிகட்டிவிட்டு வினிகர் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து, சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, உடனே நன்றாகக் காய வைத்தேன். அந்த 'உடனே' முக்கியம், துரு நீங்கிய வெறும் இரும்பு ஈரத்தோடு கிடந்தால் திரும்பவும் துருப்பிடிக்க அதிக நேரம் ஆகாது.

கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இல்லை, அடியில் பழுப்பும் பச்சையுமாகத் தேன் உறைந்த மாதிரி ஒன்று. வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது (ஐடிலிங்) பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன், இருட்டு. அதன் துவாரம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒரு துளி பிசின் போதும் அடைக்க. கம்பியால் குத்தத் தோன்றும், குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி பட்டால் துவாரம் பெரிதாகி, எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்ற கணக்கே கெட்டுவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ராத்திரி முழுக்கப் போட்டுவைத்து, காலையில் காற்று அடித்து, மறுபடி வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. இத்தனை நாள் வண்டி ஓடாததற்குக் காரணம் அந்த ஒரு புள்ளி என்று நினைத்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

டேங்க் சுத்தமாகும் முன் கார்புரேட்டரை மாட்டாதே என்பதையும் எழுதிவிடுங்கள். மாட்டினால் துரு இறங்கி இரண்டாம் நாளே மறுபடி அடைக்கும். இதையும் நான் சொந்தமாகச் செய்து கற்றுக்கொண்டேன்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக்கூடு, சைலன்சர் முனையில் குளவி கட்டிய மண். பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் கை பட்டதும் உதிரும், அந்தத் தூளை எஞ்சின் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். எலி இருந்தது என்றால் ஒயரையும் கடித்திருக்கும், பேட்டரி மாட்டும் முன் பார்த்துவிட வேண்டும். பேட்டரியைப் பற்றிப் பெரிதாக எழுத வேண்டாம், பதினோரு வருடம் கிடந்தது செத்ததுதான், புதிது வாங்கு என்று முடித்துவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்குத் தனியாக இரண்டு வரி வேண்டும். பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் சீல் காய்ந்து இறுகிவிடும், அதன் வழியே காற்று உள்ளே புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் தானாக ரேஸ் ஆகும். வண்டி நல்ல துடிப்பாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுவார்கள், அப்புறம் ஒரு நாள் சூடேறிப் பிஸ்டன் இறுகி நின்றுவிடும்.

இனி நான் உங்களோடு சண்டை போட விரும்பும் இடம். எஞ்சின் உயிர் பெற்றதும் எந்த மனிதனும் அடுத்து செய்வது ஒன்றுதான், ஒரு ரவுண்டு போய் வருவான். பிரேக் பார்க்கவில்லையே, டயர் பார்க்கவில்லையே என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் அவன் காதில் விழாது. அதனால் அந்தப் பக்கத்தில் பிரேக்கையும் டயரையும் எஞ்சினுக்கு முன்னால் வையுங்கள். நான் வைக்கவில்லை. முதல் முறை ஸ்டார்ட் ஆனதும் கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு முதல் கியர் போட்டேன். கிளட்ச் பிளேட்டுகள் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்திருக்கின்றன, லிவரைப் பிடித்தும் பிரியவில்லை. வண்டி ஒரே தாவாகத் தாவிச் சுவரில் முட்டியது. மட்கார்டு வளைந்தது, என் முகமும் கொஞ்சம். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தும் பார்த்தேன், மிதி போனது, திரும்பி மேலே வரவே இல்லை.

பின் டிரம்மைக் கழற்றியபோது டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங், அது ஒட்டியிருக்கும் ஷூவிலிருந்து தனியாகப் பிரிந்து கையில் வந்தது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும் என்று அங்கேயே ஒரு குறிப்பு போடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் அதற்குள் இருக்கும் பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கிற ரகம், அது கொதித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். நீங்களே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறீர்கள், பதினோரு வருடம் என்றால் ஆயிலோடு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும், உள்ளே பிஸ்டன் துருவில் இறுகியிருக்கும்.

டயரில் எல்லோரும் பட்டனை, அதாவது ரோட்டில் படும் மேடு பள்ளத்தைத்தான் பார்ப்பார்கள். எங்கள் டயரில் பட்டன் புதுசு மாதிரி இருந்தது, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல இருந்தது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 1409 என்றால் 2009ஆம் வருடம் 14வது வாரம் தயாரானது. மூன்றே இலக்கம் என்றால் அது 2000க்கு முந்தைய டயர், யோசிக்கவே வேண்டாம். ஒரு சின்னப் படத்தோடு இதைப் போட்டால் எத்தனையோ பேர் மழையில் விழாமல் தப்பிப்பார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆக்சிலேட்டர் கேபிள் விட்டதும் படக்கென்று திரும்புகிறதா என்று ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், கதவைச் சாத்திக்கொண்டு ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதே என்பதையும் சேர்த்துவிடுங்கள், அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கடைசியாக ஒரு சின்னக் கோரிக்கை. அட்டையின் உள்பக்கம் ஒரு கட்டம் போடுங்கள்: கடைசியாக ஓடிய தேதி, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, குழாய் மூடியிருக்கிறதா. நிறுத்துகிறவர் பேனாவால் மூன்று வரி நிரப்பினால் போதும். எங்கள் வண்டியில் குழாயைத் திறந்தபடி விட்டது யார் என்று வீட்டில் கேட்டால், இன்றைக்கும் ஆளாளுக்கு இன்னொருவரைத்தான் கை காட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
வளைந்த மட்கார்டோடு ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகன்