சந்திரிகாவை விட்டுட்டு ஹரிணியைப் பற்றி எழுத ஏலாது

அன்புச் சிநேகிதிக்கு,

சுகமாயிருக்கிறியோ, பிள்ளையள் எப்பிடி? இஞ்சை நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ தான், மற்றும்படி ஒண்டுமில்லை. நல்ல மழை பெய்து கிணறு நிரம்பிக் கிடக்கு, பின்வளவு முருங்கைதான் காத்துக்கு முறிஞ்சு விழுந்திட்டுது.

ஹரிணி அமரசூரியவைப் பற்றி அங்கை எல்லாரும் நல்லாக் கதைக்கினம், இவாவை நம்பலாமோ எண்டு கேட்டிருந்தாய். உடனை மறுமொழி எழுத வரேல்லையடி. சிறிமாவோ, சந்திரிகா, அதுக்குப் பிறகு 2024 செப்டெம்பரிலை இவா, இலங்கையின்ர மூண்டாவது பெண் பிரதமர். சந்திரிகாவை நினைக்காம இவாவைப் பற்றி ஒரு வசனமும் எழுத ஏலாமக் கிடக்கு எனக்கு.

94 ஞாபகமிருக்கோ. கரண்ட் இல்லை, பற்றறி தடை, சைக்கிளை ஸ்டாண்டிலை ஏத்தி ஒராள் மாறி ஒராள் பெடலைச் சுத்த டைனமோவிலை றேடியோ கேட்ட காலம். ஓகஸ்ட் எலக்சனிலை சந்திரிகா வெண்டு பிரதமரா வந்து, பேந்து நவம்பரிலை ஜனாதிபதி எலக்சன், எதிரிலை நிண்டதும் ஒரு பெண், குண்டிலை செத்த காமினி திசாநாயக்கவின்ர மனிசி சிறிமா. சந்திரிகாவுக்கு 62 வீதம் வாக்கு. எங்களிலை கனபேருக்கு வாக்குப் போடவே வழியில்லை, ஆனா மட்டக்களப்புச் சனம் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேலை அவாவுக்குத்தான் போட்டவை. ஒக்டோபரிலை இயக்கத்தோட, அதுதான் புலியளோட, பேச்சுவார்த்தைக்கு அவாவின்ர அரசாங்கத்து ஆக்கள் ஹெலியிலை வந்து இறங்கினதை சனம் போய் நிண்டு பாத்தது, கடையிலை சந்திரிகா காப்பு எண்டு வித்தாங்கள், நீயும் நானும் ஒரே நிறத்திலை வாங்கிப் போட்டனாங்கள். ஒரு சிங்களத் தலைவியின்ர பேரிலை யாழ்ப்பாணத்திலை காப்பு வித்தது அதுக்கு முன்னம் பின்னம் நான் கேள்விப்படேல்லை. அவ்வளவு நம்பிக்கையைச் சனம் சும்மா குடுக்கேல்லையடி, 86இலை அவாவின்ர மனிசன் விஜய குமாரதுங்க இஞ்சை வந்து இயக்கத்தோட கதைச்சு கைதியளைப் பரிமாற வழி பாத்தவர், அதை ஆரும் மறக்கேல்லை. 88இலை அந்த மனிசனைத் தெற்கிலை வீட்டு வாசலிலை வைச்சுச் சுட்டாங்கள். தேப்பன் பண்டாரநாயக்காவையும் 59இலை சுட்டுத்தான் பறிகுடுத்தவா. இவ்வளவு இழப்பைப் பாத்த பொம்பிளைக்கு எங்கட நோவும் விளங்கும் எண்டு அம்மா அடிக்கடி சொல்லுவா.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். 95 ஏப்ரல் 19 திருகோணமலையிலை இயக்கம் கடற்படைக் கப்பலுகளைத் தாட்டதோட எல்லாம் முறிஞ்சுது. அதுக்கு இயக்கமும் பொறுப்புத்தான், அதை நான் மறைக்கேல்லை. ஆனா ஜூலை 9 நவாலி சென் பீற்றர்ஸ் கோயிலிலை விழுந்த குண்டுக்கு ஆர் பொறுப்பு? கோயில் குளங்களிலை போய் இருங்கோ எண்டு சொல்லித்தானே சனம் அங்கை போனது, நூறுக்கு மேலை செத்துதுகள். சமாதானத்துக்கான யுத்தம் எண்டு அவா அதுக்குப் பேர் வைச்சவா. ஆமி வருது எண்டு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்திலை மழைக்குள்ளை ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் நிண்டனாங்கள், அம்மம்மாவைச் சைக்கிள் கரியரிலை இருத்தித் தள்ளினது, உன்ரை அப்பா கையிலை காணி உறுதியை மட்டும் ஷொப்பிங் பாக்கிலை சுத்தி வைச்சிருந்தார். நீங்கள் வன்னிக்கு வெளிக்கிட்டிட்டியள், நாங்கள் அடுத்த ஏப்ரல் திரும்பி வந்தம்.

ஆனா எல்லாம் அதோட முடிஞ்சுது எண்டு எழுதினா அவாவுக்கு நியாயமில்லை. அந்த 95 ஓகஸ்ட் 3 அவா வெளியிட்ட அதிகாரப் பகிர்வுத் தீர்வுப் பொதியை எடுத்துப் பார், இலங்கை பிராந்தியங்களின்ர ஒன்றியம் எண்டு எழுதியிருந்துது. அதுக்கு முன்னம் பதவியிலை இருந்த ஒரு ஜனாதிபதியும் அவ்வளவு தூரம் வரேல்லை. எங்கட தமிழ் எம்பி, சட்டம் படிச்ச நீலன் திருச்செல்வத்தின்ர உழைப்பும் அதிலை கிடந்தது, அவரை 99இலை கொழும்பிலை கொண்டது எங்கட பக்கத்து இயக்கம்தான், எனக்கு இண்டைக்கும் அது மனவருத்தம். அதே வருசம் டிசம்பர் 18 சந்திரிகாவுக்கும் குண்டு, வலது கண் பறிபோச்சு, மூண்டு நாளிலை எலக்சனும் வெண்டவா. கண்ணிலை கட்டோட சத்தியப்பிரமாணம் எடுத்தவா, அதுக்குப் பிறகும் தீர்வை விடேல்லை, 2000 ஓகஸ்டிலை புதிய அரசியலமைப்பைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டந்தவா. எதிர்க்கட்சி யூஎன்பிக்காரர் சபைக்குள்ளையே அதைக் கொளுத்தினவை.

என்ரை கோபம் எங்கையெண்டா அந்த இடைப்பட்ட அஞ்சு வருசம். 95இலை எழுதினது 96இலை மெலிஞ்சு, 2000இலை இன்னும் மெலிஞ்சு, ஒன்றியம் எண்ட சொல்லே இல்லாமப் போச்சு. 94 கடைசியிலை நாடே அவாவின்ர பின்னாலை நிண்ட நேரம் பொதியைக் கையிலை வைச்சுக்கொண்டு சிங்களச் சனத்திட்டைப் போயிருந்தா? பாராளுமன்றத்திலை 113 பேர்தான் எண்டு சொல்லுவியள், மூண்டிலை ரெண்டுக்கு 150 வேணும், ஓம் அது உண்மை. எண்டாலும் சனத்தின்ர மனசு இளகி இருந்த காலம் அதுதான், யுத்தம் தொடங்கின பிறகு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?

கிருசாந்தியை நினைச்சா எனக்குச் சாப்பாடு இறங்காது. 96 செப்டெம்பரிலை சோதனை எழுதிப்போட்டு வந்த பிள்ளை, செம்மணிச் சென்றியிலை ஆமி மறிச்சுக் கொண்டு போட்டாங்கள், தேடிப்போன தாய், தம்பி, அயலவர் எல்லாரையும் கொண்டாங்கள். அந்த வழக்கை நடத்த விட்டதும் சந்திரிகாவின்ர அரசாங்கம்தான், அந்தத் தீர்ப்பு வந்தபடியாத்தான் குற்றவாளியின்ர வாயாலை செம்மணிப் புதைகுழி வெளியிலை வந்தது. 2025இலையும் செம்மணியிலை கிண்டக் கிண்ட எலும்புக்கூடு வந்துதே, சின்னப் பிள்ளையின்ர பாக் ஒண்டு வந்துதே, அதைப் பாத்து நான் ரெண்டு இரவு நித்திரை கொள்ளேல்லை. 2004 ஜூலையிலை 83 கலவரத்துக்காகத் தமிழ்ச் சனத்திட்டைச் சந்திரிகா மன்னிப்புக் கேட்டவா, கேட்டது பெரிய விசயம்தான். தன்ர காலத்து நவாலிக்கும் செம்மணிக்கும் அதே மாதிரி வாய் திறந்து கேட்டிருக்கோணும்.

இப்ப உன்ரை கேள்விக்கு வாறன். ஹரிணி படிச்சவா, திறந்த பல்கலைக்கழகத்திலை படிப்பிச்சவா, ஆசிரியர் போராட்டங்களிலை நிண்டவா, கொழும்பிலை ஆறரை லட்சத்துக்கு மேலை விருப்பு வாக்கு. ஆளிலை எனக்குக் குறையில்லை. ஆனா அவா இருக்கிற தேசிய மக்கள் சக்தி அணியின்ர நடுத்தூண் தெற்கத்தை இடதுசாரிக் கட்சி ஜேவிபியெல்லோ. சந்திரிகா 2005 ஜூனிலை சுனாமி உதவியைப் பகிருற பொதுக்கட்டமைப்பை இயக்கத்தோட கைச்சாத்திட்ட நேரம் அரசாங்கத்தை விட்டு வெளியேறினது அவை, கோட்டிலை போய் நிப்பாட்டினதும் அவை, அடுத்த வருசம் வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டதும் அவை. இப்ப யாழ்ப்பாண மாவட்டமே அவைக்கு மூண்டு சீற் குடுத்திருக்கு, எங்கட ஒழுங்கையிலையே கனபேர் போட்டவை. நான் அந்தச் சனத்தைக் குறை சொல்லமாட்டன், களவில்லாத ஆக்கள் வேணும் எண்டு போட்டவை.

சந்திரிகாவுக்கு மனசு இருந்தது, 113 பேர் இருந்தினம். இவைக்குப் பாராளுமன்றத்திலை 159 பேர், மூண்டிலை ரெண்டுக்கு மேலை, ஆரையும் கெஞ்சத் தேவையில்லை. அதாலை நான் ஹரிணியின்ர பேச்சையோ சிரிப்பையோ பாக்கேல்லை. 2018 ஒக்டோபரோட காலம் முடிஞ்ச வடமாகாணசபைக்கு எலக்சன் வைக்கினமோ, செம்மணி அறிக்கையை முழுசா வெளியிலை விடுகினமோ, புதிய அரசியலமைப்பு எண்டு சொன்னதை எப்ப மேசையிலை வைக்கினம், இந்த மூண்டையும்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். இதுகளிலை ஒண்டாவது நடந்தா உனக்கு நானே போன் எடுத்துச் சொல்லுறன்.

நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வாறதெண்டா முதலே சொல்லு, மேல் அறையைத் துப்பரவாக்கோணும். அம்மா உன்னை நெடுகக் கேட்டபடி.

உன்ரை பழைய சிநேகிதி,
கொக்குவில்