லொகேஷன் வேண்டாம்: பறவைக் குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் பறவைப் பட வாட்ஸப் குழுக்களை நடத்தும் அட்மின் சார்களுக்கும் மேடம்களுக்கும்,

வணக்கம். போன வாரம் தென்சென்னைப் பூங்கா ஒன்றில், வலசை வந்து இறங்கிய ஆறுமணிக்குருவி ஒன்றுக்குப் படமெடுக்க வந்த கூட்டம் செய்த உபசாரம் உங்களுக்குத் தெரியும், உங்களில் இரண்டு பேரை அங்கேயே பார்த்தேன். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும், அரிய பறவை எது வந்தாலும், அது நிற்கிற இடத்தின் லொகேஷனைக் குழுவில் யாரையும் போட விடாதீர்கள். படத்தை அன்றைக்கே போடட்டும், நானும் ஹார்ட் விடுகிறேன். இடத்தைப் பறவை கிளம்பிப் போன பிறகு சொல்லட்டும்.

"ஒரு பின் போட்டதுக்கா இவ்வளவு?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம், மேப்பில் இடத்தைக் குத்திக் காட்டுகிற ஒரு பின்தான். முதல் நாள் சாயங்காலம் அது விழுந்தது, மறுநாள் விடிவதற்குள் பூங்கா வாசலில் கார் நிறுத்த இடமில்லை. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா, "என்ன சார், சினிமா ஷூட்டிங்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆளாளுக்குக் காட்டு நிறத்தில் சட்டை, தொப்பி, முழங்கை நீளத்துக்கு லென்ஸ். மாநகராட்சி போட்ட சிமெண்ட் பெஞ்சுக்கும் சறுக்கு மரத்துக்கும் நடுவில் யாரிடமிருந்து ஒளிந்துகொள்ள அந்த உடையோ தெரியவில்லை. ஒருவர் பின்னணி 'கிளீனாக' வரவேண்டும் என்று நொச்சிக் கிளையை ஒடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பிளாஸ்டிக் டப்பாவில் புழு கொண்டு வந்திருந்தார். பெஞ்சின் மேல் ஒரு புளூடூத் ஸ்பீக்கர், அதில் அந்தப் பறவையின் இரட்டை விசில் திரும்பத் திரும்ப.

அந்த ஸ்பீக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்புகிறது. பறப்பது ராத்திரியில். விடியும்போது எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கும். அதனால்தான் ஐப்பசி பிறந்தால் நம் ஊரில் கார் ஷெட்டிலும் பால்கனியிலும் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழேயும் "கலர் கலரா ஒரு குருவி மயங்கிக் கிடக்கு" என்று போன் வருகிறது. சில இங்கேயே தங்கிவிடும், சில இலங்கை வரைக்கும் போகும். எங்கே போவதானாலும் முதலில் சாப்பிட்டாக வேண்டும், அது சாப்பிடுவது தரையில் கிடக்கும் சருகைப் புரட்டித்தான். குளிர்கால இடத்திலும் தனக்கென்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளும் பறவை இது. ஸ்பீக்கரில் குரல் கேட்டால் வேறொரு குருவி தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து வெளியே வருகிறது. வந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்தக் குட்டை வாலை ஆட்டிக்கொண்டு, கண்ணைச் சுற்றிய கறுப்புப் பட்டையோடு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கிறது. யாரும் இல்லை. உள்ளே போகிறது. மறுபடி விசில். மறுபடி வெளியே. நான் நின்ற நேரம் முழுக்க அது ஒரு சருகைக்கூடப் புரட்டவில்லை. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து இறங்கியவரை இட்லியில் கை வைக்க விடாமல் யாரோ காலிங் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. அதன் பெயர் உங்கள் குழுவில் "சூப்பர் சார், லைஃபர் சார்" (வாழ்நாளில் முதல்முறை பார்த்த பறவையாம்).

அந்தப் புழு டப்பாக்காரருக்கும் ஒரு தகவல். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் விரட்டுவதும், இரை காட்டி இழுப்பதும் சேர்த்தி. துப்பாக்கி இருந்தால்தான் வேட்டை என்றில்லை.

பலன் என்ன ஆயிற்று? மூன்றாம் நாள் குருவி கண்ணில் படவில்லை. கிளம்பியதா, பூனை பிடித்ததா, யாருக்கும் தெரியாது. பூங்கா வாசலில் மட்டும் "கேமராவுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு அட்டை தொங்குகிறது. பைனாகுலரோடு போனாலே காவலாளி முறைக்கிறார்.

உங்கள் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்களுக்கு யார் காட்டுவது, எல்லாம் தெரிந்த நாலு பேர் மட்டும் ரகசியமாகப் பார்த்துக்கொள்வதா என்று கேட்கிறீர்கள். கேள்வி சரிதான். ஆனால் எல்லாப் பறவைக்கும் நான் வாயைக் கட்டச் சொல்லவில்லையே. பள்ளிக்கரணையில் ஊசிவால் வாத்து வந்தது, பூநாரை நிற்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். அது 2022இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பெரிய சதுப்பு நிலம், பறவை நடுத்தண்ணீரில் நிற்கிறது, நாம் ரோட்டோரம் நிற்கிறோம். நூறு பேர் வந்தாலும் அதற்கு நம் முகம் தெரியாது. பெரும்பாக்கம் ஏரியும் அப்படித்தான். புதியவர்களை அங்கே கூட்டிப்போய்ச் சேற்றுப் பூனைப்பருந்தைக் காட்டுங்கள், ஒரு காலை போதாது. நான் சொல்வது நாலு புதருக்குள் தனியாக மாட்டிக்கொண்ட ஆறுமணிக்குருவியை, கொடிக்கால் வாலாட்டியை, புயலுக்குப் பின் கடலிலிருந்து சோர்ந்துபோய் உள்ளே ஒதுங்குகிற ஆலாவை. அவற்றுக்கு விலகிப் போக இடமில்லை, அல்லது தெம்பில்லை.

பதிவு முக்கியம் என்றால், பறவை பார்ப்பவர்கள் பதிவுகளைச் சேர்க்கிற ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள், பத்து நாள் கழித்து ஏற்றினாலும் பதிவு பதிவுதான். ஆபத்து அதிகமுள்ள சில பறவைகள் எங்கே இருக்கின்றன என்பதை அந்தத் தளமே துல்லியமாகக் காட்டாமல் மறைக்கிறது. உலகம் முழுக்க நடக்கிற ஒரு ஏற்பாட்டுக்கு இருக்கிற கூச்சம் நம் வாட்ஸப் குழுவுக்கு இல்லை.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை, குழந்தைகள் உட்பட. அதே மாவட்டத்தில் பொத்தக்குடிக்காரர்கள் 2020இல், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு கருங்குருவி கூடு கட்டியது என்பதற்காக இருட்டில் நடந்தார்கள். அவர்களிடம் லட்ச ரூபாய் லென்ஸ் இல்லை, பெயருக்குப் பின்னால் 'வைல்ட்லைஃப் போட்டோகிராபர்' என்றும் இல்லை. நம்மிடம் எல்லாம் இருக்கிறது, ஒரு பின்னை அடக்கி வைக்கத்தான் முடியவில்லை.

இந்த ஊரில் ஒரு குருவி இறங்குவதே பெரும்பாடு. ஓஎம்ஆர் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடம், ராத்திரி முழுக்க விளக்கு. பூங்காக்களில் சருகு விழுந்தால் ஏதோ அசிங்கம் போலக் கூட்டி அள்ளிவிடுகிறோம், கேட்டால் பராமரிப்பாம். சதுப்பு நிலத்தின் தலைமாட்டில் பெருங்குடிக் குப்பைமேடு. இதற்கெல்லாம் யாரிடம் மனு கொடுப்பது, கொடுத்தால் எந்த அலமாரியில் தூங்கும் என்று எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. சரி, அதெல்லாம் உங்கள் கையில் இல்லை. லொகேஷன் உங்கள் கையில் இருக்கிறது. டெலீட் பொத்தான் உங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். "குட் மார்னிங்" படம் போட்டவரைக் குழுவை விட்டுத் தூக்க உங்களுக்கு ஒரு நிமிடம் ஆவதில்லை, இதற்கு மட்டும் "உறுப்பினர்கள் மனசாட்சிப்படி நடக்கணும்" என்கிறீர்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: ஐப்பசி, கார்த்திகையில் லொகேஷன் வேண்டாம். ஸ்பீக்கர் வைத்தோ புழு வைத்தோ எடுத்தது என்று தெரிந்தால் அந்தப் படமும் வேண்டாம். இதைக் குழு விளக்கத்தில் எழுதி, மீறினால் பதிவு நீக்கப்படும் என்று சேர்த்துவிடுங்கள். அடுத்த மழைச் சுற்றுக்கு முன்னால் செய்தால் நல்லது, அந்தச் சமயத்தில்தான் அடுத்த பறவைக் கூட்டம் இறங்கும். பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், குழுவிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழு ஒன்றில் பல வருடமாகச் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு உறுப்பினர்