ரப்பர் உடைக்குப் பின்னால் ஒரு கலைஞர்

ஆசிரியருக்கு,

ஜப்பானிய ராட்சத மிருகமான காட்ஸில்லாவின் படங்கள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை படித்தேன். 1954இல் வந்த முதல் படத்தை, ரப்பர் உடைக்குள் ஆள் நடந்த காலம் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது வருத்தமாக இருந்தது. அந்தத் தந்திரக் காட்சிகளை உருவாக்கியவர் எய்ஜி சுபுராயா. ஒளிப்பதிவாளராகத் தொடங்கியவர். 1942இலேயே பியர்ல் ஹார்பர் தாக்குதலை மினியேச்சர்களை (சிறு மாதிரிகளை) வைத்துப் படமாக்கினார். போர் முடிந்த பிறகு, அந்தப் போர்ப் படங்களாலேயே தோஹோ திரைப்பட நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்துதான் காட்ஸில்லாவைச் செய்தார். 'கிங் காங்' போல பொம்மையை அணு அணுவாக நகர்த்தி எடுக்க நேரமும் பணமும் இல்லை. சரி என்று நடிகர் ஹருவோ நகாஜிமாவுக்கு உடை மாட்டி, டோக்கியோவைச் சிறிதாகக் கட்டி, திரையில் எல்லாம் மெதுவாக நகரும்படி கேமராவை அதிவேகத்தில் ஓடவிட்டார்.

அந்த வேகத்தில்தான் விஷயமே இருக்கிறது. என் மகன் அடுக்கிய தீப்பெட்டிக் கோபுரம் சரிவதைக் கைபேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தேன். நேரில் பொலபொலவென உதிர்ந்தது, திரையில் நிஜக் கட்டடம் போலக் கனத்துச் சாய்ந்தது. சுபுராயா செய்தது கணக்குத் தெரிந்தவரின் கைவேலை. 2024இல் காட்ஸில்லா படம் ஒன்று காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் வாங்கியதைக் கொண்டாடும் நாம், 1966இல் அல்ட்ராமேன் என்ற தொலைக்காட்சி நாயகனையும் தந்துவிட்டு 1970இல் மறைந்த இவரை மறக்கலாமா? சுபுராயாவுக்கும், அந்தக் கனத்த உடைக்குள் வியர்த்த நகாஜிமாவுக்கும் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.