மூன்று வயதுக் கைக்கு மணல்தான் நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

விஜயதசமியன்று நெல்லில் 'அ' எழுதிய குழந்தையிடம் மறு வாரமே நாலு கோடு நோட்டைக் கொடுத்து, பக்கம் நிறைய எழுதிவரச் சொல்லும் மழலையர் பள்ளிகள் இருக்கின்றன. நோட்டு நிறைந்தால்தான் படிப்பு நடக்கிறது என்று பெற்றோரும் நம்புகிறார்கள். அந்தக் கை எழுதத் தயாரா என்று பார்ப்பவர்கள் குறைவு.

மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. 3 வயதில் ஏறக்குறைய மூன்றுதான் எலும்பாக மாறத் தொடங்கியிருக்கும். ஒன்றைத் தவிர மற்றவையும் தொடங்குவதற்கு 6 வயதாகிவிடும். மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து, விரலை மட்டும் அசைத்து எழுதும் பக்குவம் பெரும்பாலும் நாலரை வயதுக்கு மேல்தான் வருகிறது. முன்கூட்டியே வற்புறுத்தினால் குழந்தை தோளை இறுக்கிக்கொண்டு பென்சிலை அழுத்தும். முனை ஒடியும், தாள் கிழியும், தப்பான பிடி பழகிப்போகும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

கைக்கு வலு தோளிலிருந்து விரலுக்கு இறங்கி வருகிறது. ஏறுவது, தொங்குவது, சின்ன வாளியில் தண்ணீர் சுமப்பது எல்லாம் தோளுக்கு. மண் பிசைவது, ஈரத்துணி பிழிவது உள்ளங்கைக்கு. விரல் நுனிக்குப் பல்லாங்குழியை மிஞ்ச ஒன்றில்லை: குழிக்கு ஒன்றாகப் போடும்போது கிள்ளியெடுக்கும் பிடியும் வருகிறது, ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணறிவும் வருகிறது. 14 குழியும் 70 முத்தும் நாலு வயதுக்கு அதிகம். 4 குழி, குழிக்கு 3 புளியங்கொட்டை என்று தொடங்கலாம். குன்றிமணி மட்டும் கூடவே கூடாது. அது கடும் நஞ்சு. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. 3 வயதுக்கு உட்பட்டவர்களிடம் எந்தக் கொட்டையும் வேண்டாம். சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள வளையத்தில் நுழையும் எதுவும் அவர்கள் தொண்டையை அடைக்கலாம்.

பள்ளிகள் முதலில் செய்ய வேண்டியது மணல் தொட்டி. மர நிழலில் 6 அடிக்கு 6 அடி, ஆழம் ஒன்றரை அடி இருந்தால் ஒரு நேரத்தில் ஆறு பிள்ளைகள் தாராளமாக விளையாடலாம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டு, 4 அங்குலம் ஜல்லி பரப்பி, மேலே வலைத்துணி விரித்து, சலித்துக் கழுவிய ஆற்று மணலை ஓரடிக்குக் கொட்ட வேண்டும். எம்-சாண்ட் வேண்டாம், உடைத்த கல் என்பதால் முனை கூராக இருக்கும், தூசியும் பறக்கும். காய்ந்த மணலில் வீடு நிற்காது, ஆகவே காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். பல பள்ளிகளில் தொட்டி வீணாவது இரவில்தான். தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் பூனையும் நாயும் அசுத்தம் செய்யும், புழு முட்டைகள் மணலில் தங்கும். பிறகு 'மணலே ஆகாது' என்று தொட்டியையே சிமென்ட் பூசி மூடிவிடுகிறார்கள்! தார்ப்பாயும், விளையாடிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் இருந்தால் அந்த நிலை வராது.

நேரமும் முக்கியம். 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடம் உடலசைவோடு இருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. கடைசிப் பிரிவேளையில் 15 நிமிடம் ஒதுக்குவது எந்த மூலைக்கு? யார் அம்மா, யார் கடைக்காரர் என்று பேசி முடிக்கவே பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். ஒரே மூச்சில் 40 நிமிடமாவது விட வேண்டும். இடையில் புகுந்து 'இது என்ன கலர், எத்தனை இருக்கு?' என்று கேட்டால் விளையாட்டு அங்கேயே பரீட்சையாகிவிடுகிறது. பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். பிள்ளை கூப்பிட்டால் சேர்ந்துகொள்ளட்டும்.

பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோர் நோட்டைப் புரட்டிப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பிள்ளைகள் தினமும் எவ்வளவு நேரம் வெளியே விளையாடுகிறார்கள்? மணல் தொட்டி எங்கே இருக்கிறது? இரவில் அதை யார் மூடுகிறார்கள்?

இப்படிக்கு,
மழலையர் கல்விப் பயிற்றுநர்கள்,
மதுரை