கண்டித் தெரு நாய் சொல்லட்டும்

அன்புள்ள மகளுக்கு,

சின்னவன் மறைக்கல்வி வகுப்பில் புனித யோசப் வாஸ் அடிகளாரின் கதையைச் சொல்ல வேண்டும், அதை ஒரு மிருகம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும் என்று போனில் சொன்னாய். வட்ஸ்அப்பில் நாலு வரி போதும் என்றாய். நாலு வரியில் அடங்குகிற ஆளா அவர்? அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள், மிச்சத்தை நீ வாசி.

முதலில் எந்த மிருகம் என்பதைப் பார்ப்போம். கழுதை, ஆட்டுக்குட்டி, புறா என்று ஏதோ சொன்னாய். அதெல்லாம் வேதாகமத்துக்குச் சரி. இது கண்டியில் நடந்த கதை. காகம் வேண்டாம், எல்லாக் கதையிலும் வந்து வந்து அது களைத்துப்போய்விட்டது. அரண்மனை யானை என்றால் ஒரு வசதி உண்டு. அடிகளார் இலங்கையில் இருந்த 24 வருசத்தையும் தாண்டி அது உயிரோடு இருக்கும். ஆனால் யானை வாயைத் திறந்தால் ராசா கதைதான் வரும். ஆமைக்கும் ஆயுசு அதிகம்தான், ஆனால் அது புத்தளத்திலிருந்து கண்டிக்கு நடந்து வந்து சேர்வதற்குள் அடிகளார் செத்தே போயிருப்பார். சின்னவனைக் கேட்டால் அட்டை என்பான், போன லீவில் அவன் காலில் ஏறியதை இன்னும் மறந்திருக்கமாட்டான். அடிகளார் வெறுங்காலோடு நடந்தவர் என்பதால் அட்டைக்கு அவரை நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனால் அதற்கு அவருடைய காலைத் தவிர வேறு என்ன தெரியும்?

எனக்குத் தெருநாய்தான் சரியாகப் படுகிறது. கண்டித் தெருவில் திரிகிற, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய். ஒன்றே ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். நாய்க்குத் தெரிந்ததைத்தான் நாய் சொல்ல வேண்டும். "அவர் மகா புனிதர்" என்று நாய் சொல்லக்கூடாது, அதற்கு அது எப்படித் தெரியும்? யார் கல்லெறிந்தார்கள், யார் எறியவில்லை, யார் கையில் என்ன வாசம், அதுதான் அதற்குத் தெரியும். புனிதர் என்பதைக் கேட்கிற பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும். சிறுவர்களுக்கு எழுதும் பலரும் மிருகத்துக்கு ஒரு பாதிரியாரின் வாயைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அது மிருகமும் இல்லை, கதையும் இல்லை.

நாய் பிறப்பதற்கு முன்னால் நடந்ததை எப்படிச் சொல்வது என்று கேட்பாய். அதற்கு ஆள் இருக்கிறார். அடிகளாரோடு கோவாவிலிருந்து ஜோவான் என்ற பணியாள் கூடவே வந்தார். ராத்திரியில் அடுப்படியில் நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழங்கதை பேசுகிறவராக அவரை வைத்துக்கொள்ளலாம். பேசுவது நம் கற்பனை, பேசுகிற விசயம் உண்மை. அடிகளார் 1651 ஏப்ரல் 21 இல் கோவாவின் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார், 1676 இல் குருவானார். இங்கே அதற்கு முன்பே ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்திருந்தார்கள். கத்தோலிக்கக் குருமாரை விரட்டிவிட்டார்கள். கோயில் உண்டு, சனம் உண்டு, பூசை வைக்க ஆள் இல்லை. இதைக் கேள்விப்பட்டுத்தான் 1687 இல் தூத்துக்குடியிலிருந்து கூலிக்காரன் வேசத்தில் வள்ளம் ஏறினார். பயணத்திலேயே பாதி உயிர் போய்விட்டது. யாழ்ப்பாணம் சேர்ந்தபோது வயிற்றோட்டத்தில் படுத்துவிட்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு, அதை விட்டுவிடாதே. கத்தோலிக்கர் யார் என்று தெருவில் நின்று கேட்க முடியாது. கேட்டால் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் கழுத்தில் ஒரு பெரிய செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். சோற்றை வாங்குகிறபோது, போடுகிறவர்களின் கண் அந்த மாலையில் நிற்கிறதா என்று பார்ப்பார். இதைப் பிள்ளைகளே நடித்துக் காட்டலாம். ஒருவன் மாலை போட்டுக்கொண்டு வகுப்பைச் சுற்றி வரட்டும்.

1690 இல் புத்தளம், 1692 இல் கண்டி. நம் நாய் இங்கேதான் வருகிறது. போர்த்துக்கேய ஒற்றன் என்று அரண்மனையில் செல்வாக்குள்ள ஒரு பிரெஞ்சுக்காரன் கோள் மூட்டிவிட்டான். அதனால் அவர் கண்டிக்குள் கைதியாகத்தான் வந்தார். நாய் இப்படிச் சொல்லலாம்:

"சங்கிலிச் சத்தம் கேட்டால் நான் ஓடிவிடுவேன். என்னைக் கட்டத்தான் வருகிறார்கள் என்று நினைப்பேன். அன்றைக்குச் சங்கிலி எனக்கில்லை. ஒல்லியான ஒரு மனிதருக்கு. அவர் என்னைப் பார்த்தார். கல் எடுக்கவில்லை. கையில் கல் எடுக்க முடியாததால்தானோ என்று நினைத்தேன். கட்டை அவிழ்த்த பிறகும் எடுக்கவில்லை."

காவலில் இருந்த காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை, சிங்களம் படித்தார். தமிழை ஏற்கெனவே படித்திருந்தார். நாய் கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டு அவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவதைக் கேட்கட்டும். சின்னவனுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும், அவனும் இப்போது பள்ளியில் சிங்களப் பாடத்தோடு மல்லுக்கட்டுகிறான் அல்லவா?

இனி கொஞ்சம் கவனமாக எழுத வேண்டிய பகுதி. புத்த ராசா கெட்டவர், கிறிஸ்தவக் குரு நல்லவர் என்று கதையை முடித்துவிடுவது சுலபம். உண்மை அப்படியில்லை. அப்போது கண்டியை ஆண்ட ராசா இரண்டாம் விமலதர்மசூரியன் உறுதியான பௌத்தர். பிக்குகளுக்கு முழுத் துறவுநிலை கொடுக்கும் உபசம்பதைச் சடங்கை மீட்க, பர்மாப் பக்கத்து அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்தவர், புத்தரின் புனிதப் பல்லுக்கு மூன்று மாடியில் மாளிகை கட்டியவர். அவர்தான் பிறகு இந்தக் கைதியை விடுவித்து நாட்டில் நடமாட விட்டார். அடிகளாரைத் துரத்தியவர்கள் கிறிஸ்தவர்களான ஒல்லாந்தர், இடம் கொடுத்தவர் ஒரு பௌத்த ராசா. இதைச் சின்னவன் வகுப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவன் வகுப்பில் எல்லாரும் கத்தோலிக்கர். வீட்டுக்குப் பக்கத்திலோ அவன் கிரிக்கெட் விளையாடுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் விகாரைக்குப் போகிறவர்கள்.

மழை விசயமும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு பெரிய வறட்சியில் எல்லாரும் வேண்டியும் மழை வராமல், ராசா அடிகளாரைக் கேட்டதாகவும், அவர் வெளியில் பீடம் அமைத்துச் சிலுவையை நாட்டிச் செபித்தபோது மழை கொட்டியதாகவும், பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்றும் காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. நாய்க்கு விட்டுவிடு:

"மழை வந்ததும் எல்லாரும் கத்தினார்கள், ஆடினார்கள். எனக்கு மழை பிடிக்காது. நனையாத இடம் எங்கே என்று தேடினேன். அந்த மேசைக்கடியில் போய்ப் படுத்தேன். வால் மட்டும் வெளியில் இருந்தது. வால் நனைந்தது."

அவ்வளவு போதும். மேலே ஒரு சொல் சேர்த்தாலும் கெட்டுப்போகும்.

படம் வரைவான் என்றாயே, ஒன்று சொல்லிவை. மலை வரைந்தால் தேயிலைச் செடி போடக்கூடாது. தேயிலை இங்கே நம் தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டது 1867 இல்தான். அதற்கு முன் கோப்பி, அதற்கும் முன் காடு. தோட்ட வேலைக்கு வந்த நம்முடைய ஆட்கள் தலையில் மூட்டையோடு இந்த மலையேறியது அடிகளார் காலத்துக்கு நூறு வருசத்துக்கும் அதிகமாகப் பின்னால். தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களமும் இல்லாத மலையை அவனால் நினைத்துப் பார்க்க முடிகிறதா என்று கேட்டுப் பார். என்னால் முடியவில்லை. எத்தனை தடவை கண்ணை மூடினாலும் ஒரு மூலையில் கொழுந்துக் கூடை வந்துவிடுகிறது.

சரி, இப்போது அம்மை. இதற்காகத்தான் நாயைத் தெரிவு செய்தேன். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. ராசா ஊரை விட்டு வெளியேறினார். வசதியுள்ளவர்களும் போனார்கள். வியாதிக்காரர்களைச் சொந்தக்காரர்களே காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மருந்து இல்லாத காலம், பயத்தில் செய்ததற்கு அவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. கொரோனா நேரத்தில் நம் லயத்திலேயே ஒரு வீட்டுக்கு அரிசி கொண்டுபோய் வைக்க ஆள் கிடைக்காமல் இருந்ததை நீயும் கேள்விப்பட்டாய். அடிகளாரும் கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த இன்னொரு குருவும் போகாமல் நின்றார்கள். குடிசை போட்டுக்கொடுத்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். அந்த மதம் இந்த மதம் என்று பார்க்கவில்லை.

ஊர் காலியானால் நாய்க்கு என்ன நடக்கும்? எச்சில் சோறு போட ஆள் இல்லை. நாய் சொல்லட்டும்:

"தெருவில் ஒரு அடுப்பும் புகையவில்லை. பசியில் மோப்பம் பிடித்துக்கொண்டு காட்டோரம் போனேன். அங்கே கஞ்சி வாசம். அதோடு வேறு ஒரு வாசம், நாய்களுக்கே பிடிக்காத வாசம். நான் தூரத்தில் நின்றேன். அவர் நிற்கவில்லை, கிட்டப் போனார். ஒரு கிழவியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டினார். மிச்சத்தை எனக்கு ஊற்றினார். கொஞ்சம்தான் இருந்தது."

இந்தப் பகுதியை வாசிக்கும்போது நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பற்றி அவன் கேட்டால் பதில் சொல். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை சொருகுவதையும், உன் அம்மா கல்யாணத்துக்கு முன் தீச்சட்டி எடுத்ததையும் சொல்லலாம். அம்மை என்றால் நம் சனத்துக்கு வெறும் வியாதி மட்டும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தால்தான் அந்தக் காட்டோரத்துக்குப் போவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று விளங்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1705 இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து சேர்ந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். 1707 இல் ராசா இறந்தார், அடுத்து வந்த நரேந்திரசிங்கனும் அடிகளாரை மதித்தார். 1711 சனவரி 16 இல் கண்டியிலேயே அடிகளார் இறந்தார். நம் நாய் அதற்கு முன்பே போயிருக்கும், நாயின் ஆயுசு அவ்வளவுதான். ஆகவே சாவை நாய் சொல்லவேண்டாம், அதன் குட்டி ஒரு வரியில் சொல்லட்டும். "நாய் செத்துப்போச்சா?" என்று சின்னவன் அழுதால் மறைக்காதே, ஆமாம் என்று சொல். அடிகளாரின் சாவுக்கு அழாதவன் நாய்க்கு அழுவான், பரவாயில்லை.

1995 இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் கொழும்பு காலிமுகத்திடலில் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். 2015 சனவரி 14 இல் அதே திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் புனிதராக அறிவித்தார். அம்மாவும் நானும் முதல்நாளே பஸ் ஏறிப்போய் இரவு முழுதும் புல்லில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு அடுத்த நாள் தைப்பொங்கலுக்கு வீடு திரும்ப வேண்டுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. இலங்கைக்கு முதல் புனிதர் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோதும் பையில் வெல்லம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை நான் எழுதியதாகச் சொல்லாதே.

வகுப்பில் ஐந்து நிமிடம்தான் தருவார்கள் என்றால் சிறையையும் பதவியையும் வெட்டிவிடு. செபமாலையையும் அம்மையையும் வெட்டாதே. பொங்கலுக்கு வந்தால் 16 ஆம் திகதி வரை நில்லுங்கள், அடிகளாரின் திருநாளுக்குக் கண்டிக்குக் கூட்டிப்போகிறேன்.

நாய்க்குப் பெயர் வைக்கும் வேலையைச் சின்னவனிடமே விட்டுவிடு. ஜிம்மி என்று வைத்தால் மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வெள்ளைக்காரத் துரைமார் இந்த மலைக்கு வராத காலம் அது. சிங்களப் பெயரோ தமிழ்ப் பெயரோ அவன் இஷ்டம். வைத்ததும் போன் எடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா
தெல்தோட்டை